ஈரம் போலத் தெரிந்தது ஐஸ்: மாண்ட்ரியலில் ஓர் ஆணி டயர் தேர்வு

பின்னணி

இது 2023-24 குளிர்காலத்தில், கனடாவின் கியூபெக் மாகாணத்து மாண்ட்ரியலில் நடந்தது. சைக்கிள்காரர் நாற்பத்தைந்து வயதுப் பெண்மணி, யாழ்ப்பாணத்துக்காரர். பார்க்-எக்ஸ்டென்ஷன் என்ற பகுதியில் வீடு. நகர மையத்தில் ஒரு ஹோட்டலின் காலை உணவுச் சமையலறையில் வேலை. அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயரும் வேலையிடமும் வேண்டாம் என்றார், விட்டுவிட்டேன். நான் தமிழ்நாட்டுக்காரன். சனிக்கிழமைகளில் அந்தப் பக்கம் ஒரு சைக்கிள் பட்டறையில் சம்பளமில்லாமல் கைவேலை பார்க்கிறேன். அவர் என்னைத் தம்பி என்பார், நான் அக்கா என்பேன்.

குளிர்காலத்தில் சைக்கிள் எதற்கு என்று பட்டறையிலேயே சிலர் கேட்டார்கள். கணக்கு எளிது. அவருடைய ஷிப்ட் காலை 5:30க்குத் தொடங்குகிறது. மெட்ரோ ரயில் ஓடத் தொடங்குவதே ஏறக்குறைய அந்த நேரத்தில்தான். இரவுப் பேருந்தில் போனால் ஒரு இடத்தில் இறங்கி மாறி, நடுங்கிக்கொண்டு காத்திருந்து, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். சைக்கிளில் ஏழரை கிலோமீட்டர், அரை மணி நேரம். முந்தைய இரண்டு குளிர்காலங்களும் பேருந்தில்தான் போனார். மூன்றாவதில், ஏப்ரலுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை என்று முடிவெடுத்துவிட்டார்.

சைக்கிள் 120 டாலருக்கு வாங்கிய பழைய ஹைபிரிட், அதாவது சாலை சைக்கிளும் மலை சைக்கிளும் கலந்த வகை. 700சி என்ற அளவுச் சக்கரம், 35 மில்லிமீட்டர் டயர், முன்னும் பின்னும் மட்கார்டு, ரிம்மைப் பிடிக்கும் பிரேக்.

ஓட்டத் தெரியாதவர் இல்லை. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்தில் பெட்ரோல் தட்டுப்பாடாக இருந்தபோது பள்ளிக்கூடம், சந்தை, ஆஸ்பத்திரி என்று எல்லாவற்றுக்கும் சைக்கிள்தான். அந்தக் காலத்தில் வளர்ந்தவர். பின்னால் ஒரு ஆளையும் முன்னால் ஒரு மூட்டையையும் வைத்து மணலில் ஓட்டியவர். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்தத் திறமைதான் எங்கள் இருவரையும் முதலில் ஏமாற்றியது.

முதல் விழுகை

நவம்பர் கடைசி வாரம், காலை ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்பு. சென்-டெனி தெருவில் 2020 நவம்பரில் திறந்த விரைவு சைக்கிள் தடம் இருக்கிறது. நகராட்சி குளிர்காலம் முழுக்க அதில் பனி வழித்து உப்புப் போடுகிறது. பாதி வழியில் அந்தத் தெரு ரயில் பாதைக்கு அடியில் இறங்கி ஏறுகிறது. அங்கே பாலத்தடியில் விழுந்தார்.

பிரேக் பிடிக்கவில்லை, திரும்பவும் இல்லை. நேராகப் போய்க்கொண்டிருந்தவரின் முன் சக்கரம் இடது பக்கம் சட்டென்று போயிற்று. கையை ஊன்றினார். மணிக்கட்டுச் சுளுக்கு. எலும்பு முறிவு இல்லை என்று எக்ஸ்ரேயில் தெரிந்தது. மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை, மூன்று நாள் சம்பளமும் இல்லை.

சனிக்கிழமை கட்டோடு பட்டறைக்கு வந்தார். நான் முதலில் கேட்டது வேகத்தைப் பற்றி. அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

“தம்பி, நான் பத்து வயசிலையே சைக்கிள் ஓடினனான். ஓடத் தெரியாமல் விழேல்லை. ரோட்டு ஈரமாத்தான் கிடந்தது, ஸ்னோ ஒரு பொட்டும் இல்லை.”

அந்தக் கடைசி வரிதான் முக்கியம். அன்றைக்கு எனக்கு அது உறைக்கவில்லை.

நான் எடுத்த தவறான முடிவு

குளிர்காலம் என்றால் பனி, பனி என்றால் பிடிப்புள்ள டயர். இப்படித்தான் என் மூளை ஓடியது. பட்டறையில் கிடந்த, கட்டை கட்டையாக ரப்பர் துருத்திய ஒரு பழைய டயரை முன் சக்கரத்தில் மாட்டிக் கொடுத்தேன். காற்றையும் குறைத்தேன். செலவு பத்து டாலர். இரண்டு பேருக்கும் திருப்தி.

அடுத்த இரண்டு வாரத்தில் இரண்டு தடவை பனி பெய்தது. இரண்டு நாளும் அவர் பிரச்சினையே இல்லாமல் போய் வந்தார். டயர் நன்றாக வேலை செய்கிறது என்றுதான் நினைத்தோம். உண்மையில் அந்த நாட்களில் அவருடைய பழைய டயரே சமாளித்திருக்கும். அழுந்தி இறுகிய பனி, குளிர் நன்றாக இருக்கும்போது, ஓரளவு சொரசொரப்பான தரை மாதிரிதான். ரப்பருக்கு அதில் பிடி கிடைக்கும்.

டிசம்பர் இரண்டாம் வாரம், பெர்ரி தெருச் சரிவில் மறுபடி சறுக்கினார். ஷெர்புரூக் தெருவுக்கு அடியில் நுழைந்து கீழே இறங்கும் நீளமான சரிவு அது. இந்தத் தடவை கால் ஊன்றி நின்றுவிட்டார், விழவில்லை. ஆனால் மிச்சச் சரிவைத் தள்ளிக்கொண்டு இறங்கினார், வேலைக்குப் பிந்தினார். அன்றைக்கும் சாலையில் பனி இல்லை.

வழியை நடந்து பார்த்தது

அதற்கப்புறம்தான் செய்திருக்க வேண்டிய முதல் வேலையைச் செய்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, அவர் போகும் அதே நேரத்தில், நடந்தே அந்த வழியைப் பார்த்தேன். கையில் ஒரு டார்ச், ஒரு தண்ணீர்ப் பாட்டில் மூடி. மூடியை எதற்கு என்றால், சந்தேகமான இடத்தில் அதைத் தரையோடு தள்ளிவிட்டால் ஈரத்தில் நின்றுவிடும், ஐஸில் வழுக்கிக்கொண்டு போகும்.

பாலத்தடியில் பார்த்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மேலே தண்டவாளத்தின் ஓரத்தில் சேர்ந்த பனி பகலில் உருகிச் சொட்டுகிறது. கான்கிரீட் சுவரில் அந்தத் தண்ணீரின் வெள்ளைத் தடம் நீளமாகத் தெரிகிறது. சொட்டு விழும் இடம் சைக்கிள் தடத்தின் நடுவில். ராத்திரி அது உறைகிறது. ஒரு கைக்குட்டை அகலத்துக்கு, கண்ணாடி மாதிரி, அடியில் தார் அப்படியே கறுப்பாகத் தெரியும்படி. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால்தான் பளபளப்பு தெரிகிறது, நேராக அடித்தால் வெறும் ஈரச் சாலை. பாட்டில் மூடி அதன்மேல் நிற்கவே இல்லை, சுவரில் போய் முட்டியது. உப்பு போட்ட இடம்தான். ஆனால் மேலிருந்து புதுத் தண்ணீர் வந்துகொண்டே இருந்தால் உப்பு கரைந்து ஓடிவிடுகிறது.

இப்படி நான்கு இடங்கள் கிடைத்தன: பாலத்தடி, பெர்ரி சரிவின் அடிப்பாகம், ஒரு கட்டடத்தின் கூரைத் தண்ணீர்க் குழாய் நடைபாதையில் கொட்டும் இடம், அவர் வீட்டுப் பின்சந்து. கடைசி இரண்டும் சின்னவை. சந்தில் நகராட்சி உப்பும் கிடையாது.

வீட்டுக்கு வந்து அவர் சறுக்கிய இரண்டு நாட்களின் வெப்பநிலையைப் பார்த்தோம். இரண்டு தடவையும் முந்தின நாள் மதியம் பூஜ்யத்துக்கு மேலே இரண்டு மூன்று டிகிரி, ராத்திரி கீழே நான்கு ஐந்து. குளிர் நன்றாக அடித்த நாட்களில் ஒரு சறுக்கலும் இல்லை. அந்தக் குளிர்காலம் வழக்கத்தைவிட மிதமானது. எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். ஆனால் சைக்கிளுக்கு மிதமான குளிர்காலம்தான் மோசம். பூஜ்யத்தைச் சுற்றியே ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் தினமும் உருகும், தினமும் உறையும். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் ஐஸின் மேல் ஒரு நூல் தண்ணீரும் இருக்கும். அதில் எந்த ரப்பரும், எவ்வளவு கட்டை வைத்திருந்தாலும், நிற்காது.

ஆக நான் தீர்த்துக்கொண்டிருந்தது பனிப் பிரச்சினையை. அவருக்கு இருந்தது ஐஸ் பிரச்சினை.

டயர் தேர்வு

ஐஸுக்கு ஆணி டயர்தான், அதாவது ஐஸில் குத்திப் பிடிக்கச் சின்னச் சின்ன உலோக ஆணிகளை ரப்பரில் பதித்த டயர். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை காருக்குக் குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம். சைக்கிளுக்கு அப்படி ஒன்றும் இல்லை, அதனால் யோசிக்கவும் யாரும் சொல்வதில்லை. அதே 2023 நவம்பரில் நகரின் வாடகை சைக்கிளான பிக்ஸி முதல் தடவையாகக் குளிர்காலச் சேவையைச் சோதனைக்குத் தொடங்கியது. அந்தச் சைக்கிள்களில் ஆணி டயர் போட்டிருந்தார்கள். ஒன்றை அவருக்குக் காட்டி, ஆணியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். அரிசி மணி அளவு கூட வெளியே நீட்டிக்கொண்டில்லை. “இதோ ஐஸைப் பிடிக்கப் போகுது?” என்று சிரித்தார்.

நாலு கேள்விகளுக்குப் பதில் வேண்டியிருந்தது.

முதலாவது, ஆணி எதனால் ஆனது. மலிவான டயர்களில் வெறும் எஃகு ஆணி. எங்கள் வழியில் பாதிக்கு மேல் வெறும் தார்ச் சாலை, உப்புத் தண்ணீர் வேறு. எஃகு சீக்கிரம் தேய்ந்து மழுங்கிவிடும், துருவும் பிடிக்கும். டங்ஸ்டன் கார்பைடு என்ற மிகக் கடினமான பொருளில் முனை வைத்தவை பல குளிர்காலம் தாங்கும். இதில் பேரம் பேசவே இல்லை.

இரண்டாவது, எத்தனை ஆணி. பின்லாந்தின் நோக்கியன் நிறுவனப் பெயரில் வந்த சைக்கிள் டயர்கள் இப்போது சுவோமி டயர்ஸ் என்ற பெயரில் கிடைக்கின்றன. (நோக்கியா ஃபோன் தெரியும் அல்லவா, அந்தக் குழுமத்திலிருந்து 1988இல் பிரிந்ததுதான் நோக்கியன். ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா தொழிற்சாலை ஞாபகம் எனக்கு வராமல் இல்லை.) அவர்களுடைய ஹக்காபெலிட்டா வரிசையில் பெயரிலேயே கணக்கு இருக்கிறது: டபிள்யூ 106 என்றால் 106 ஆணி, டபிள்யூ 240 என்றால் 240. ஜெர்மனியின் ஷ்வால்பேயிலும் இதே மாதிரி இரண்டு வகை உண்டு. குறைந்த ஆணி டயரில் ஆணிகள் இரண்டு வரிசை, நேராகப் போகும்போது பிடிக்கும். கூடுதல் ஆணி டயரில் ஓரங்களிலும் வரிசை உண்டு, சைக்கிள் சாயும்போது, வண்டிச் சக்கரம் பதித்த ஐஸ் பள்ளத்தின் விளிம்பில் ஏறும்போது அதுதான் காப்பாற்றும். விலை கூட, உருளுவது கனம்.

மூன்றாவது, ஒன்றா இரண்டா. காசு இருப்பது ஒன்றுக்குத்தான் என்றால் முன் சக்கரம்தான், இதில் சந்தேகமில்லை. பின் சக்கரம் வழுக்கினால் வால் ஆடும், பெரும்பாலும் சமாளித்துவிடலாம். முன் சக்கரம் வழுக்கினால் விழுந்த பிறகுதான் வழுக்கியதே தெரியும். ஆனால் பெர்ரி சரிவில் இறங்கும்போது பின் பிரேக்கைத்தான் பிடிக்கப் போகிறார், பின்னால் ஆணி இல்லாவிட்டால் அந்தப் பிரேக் ஐஸில் பிரயோஜனமில்லை. அதனால் இரண்டும்.

நாலாவது, சைக்கிளில் எவ்வளவு இடம் இருக்கிறது. இதைப் பலரும் டயர் வாங்கிய பிறகுதான் பார்க்கிறார்கள். முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் 40 மில்லிமீட்டர் டயர் நுழையும். பின்னால் சட்டகத்தின் குழாய்களுக்கு நடுவே 40 போட்டால் ஆணி உரசும், 35தான் சரி.

கடைசியில் முன்னால் 40 மில்லிமீட்டர் டபிள்யூ 240, பின்னால் 35 மில்லிமீட்டர் டபிள்யூ 106. சைக்கிளின் அளவும் எங்கள் தேவையும் ஒரே பக்கம் இழுத்தது அதிர்ஷ்டம்தான். வரியோடு இருநூறு டாலரைத் தாண்டியது.

“இருநூறு டொலரோ? இந்தச் சைக்கிளே நூற்றிருபதுக்குத்தானே வாங்கினது.”

“மூணு நாள் சம்பளம் எவ்வளவு அக்கா?”

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு பர்ஸைத் திறந்தார். மாதாந்திரப் பேருந்துப் பாஸ் நூறு டாலருக்குப் பக்கம், அதை இரண்டு மாதம் வாங்காமல் விட்டால் டயர்க் காசு வந்துவிடும் என்று வழியில் அவரே கணக்குப் போட்டுக்கொண்டாராம்.

மாட்டியதும் பழக்கியதும்

தோல் கையுறை போட்டுக்கொண்டுதான் மாட்ட வேண்டும். எனக்குத் தெரியும், போடவில்லை, உள்ளங்கையில் நாலு கீறல். டயர் பக்கத்தில் உருளும் திசைக்கு ஓர் அம்புக்குறி இருக்கிறது, பின் டயரை அதைப் பார்க்காமல் மாட்டிக் கழற்றி மறுபடி மாட்டினேன்.

முன் மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் நான்கு மில்லிமீட்டர்தான் மிஞ்சியது. உலர்ந்த தரையில் அது போதும். ஈரப் பனி அங்கே போய் அடைந்து உறைந்தால் சக்கரமே நின்றுவிடும். மட்கார்டின் கம்பிகளைத் தளர்த்தி ஒரு சென்டிமீட்டர் தூக்கிக் கட்டினேன். பார்க்க அசிங்கமாக இருந்தது.

புது ஆணிகள் ரப்பரில் உட்கார நாற்பது ஐம்பது கிலோமீட்டர் வேண்டும். அதுவரை உலர்ந்த சாலையில் நிதானமாக ஓட்ட வேண்டும், பிரேக்கை அழுத்திப் பிடிக்கக் கூடாது, எழுந்து நின்று மிதிக்கக் கூடாது. இல்லாவிட்டால் ஆணி பிடுங்கிக்கொண்டு போகும். அவர் இரண்டு விடுமுறை நாட்களில் ஜாரி பூங்காவைச் சுற்றிச் சுற்றியே அதை முடித்தார். சத்தம் அவருக்குப் பிடிக்கவில்லை. தார் மேல் போகும்போது எண்ணெயில் அப்பளம் போட்ட மாதிரி விடாத பொரிச்சல். பிறகு அதுவே பழகிவிட்டது மட்டுமில்லை, உபயோகமும் ஆயிற்று: ஐஸ் மேல் ஏறியதும் அந்தச் சத்தம் மட்டுப்பட்டு வேறு மாதிரி ஆகிவிடும், இருட்டில் கண்ணுக்குத் தெரியாதது காதுக்குத் தெரிந்தது.

ஜனவரி முதல் ஏப்ரல் வரை

பாலத்தடியில் மறுபடி அவர் சறுக்கவே இல்லை. முதல் வாரம் இறங்கித் தள்ளினார், இரண்டாம் வாரம் மெதுவாக ஓட்டினார், அப்புறம் மறந்தே போனார். ஜனவரியில் உறைமழை (தரையில் பட்டதும் ஐஸாக உறையும் மழை) பெய்து நடைபாதை முழுக்க மெழுகு பூசிய மாதிரி கிடந்த ஒரு காலையில், தெருவில் ஆட்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு போக, இவர் சைக்கிளில் போயிருக்கிறார். வேலையிடம் போய் இறங்கி, காலை ஊன்றியதும் விழப் பார்த்தாராம். டயருக்கு ஆணி இருந்தது, காலணிக்கு இல்லையே.

நேரம் கூடியது. அரை மணி நேரப் பயணம் முப்பத்தெட்டு, நாற்பது நிமிடம் ஆனது. டயரின் கனமும் ஆணியின் உரசலும் காரணம். பத்து நிமிடம் முன்னதாக எழுந்தார்.

எதிர்பார்க்காத இரண்டு விஷயங்கள். ஒன்று, ஹோட்டலின் பின்வாசல் தாழ்வாரத்தில் பளபளப்பான டைல்ஸ். அதில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனதில் கீறல் விழுந்து, மேற்பார்வையாளர் கூப்பிட்டுக் கண்டித்தார். ஒரு பழைய மிதியடியை விரித்து அதன்மேல் தள்ளுவது என்று சமரசம் ஆயிற்று. அந்த மாதிரி வழவழத் தரையிலும், தெருவின் இரும்பு மூடிகள் மேலும் ஆணி பிடிக்காது, வழுக்கவே செய்யும் என்பதையும் அங்கேதான் கற்றார்.

இரண்டாவது, பிப்ரவரியில் ஒரு விழுகை. இரவில் பெய்த பனியை இயந்திரம் வழித்து, ஒரு குறுக்குத் தெரு முனையில் வரப்பு மாதிரி ஒதுக்கிவிட்டுப் போயிருக்கிறது. உப்பு கலந்து, கார் மிதித்து, நாட்டுச் சர்க்கரை மாதிரி உதிரியாகக் கிடந்தது. ஆணி டயர் இருக்கிறதே என்று வேகம் குறைக்காமல் அதற்குள் விட்டார். சக்கரம் புதைந்து பக்கவாட்டில் போயிற்று. பனிக்குள் விழுந்ததால் அடி இல்லை. ஆணி அடியில் ஏதாவது கெட்டியாக இருந்தால்தான் குத்தும், உதிரிப் பனியில் குத்துவதற்கு ஒன்றும் கிடையாது. இதை நான் முன்னமே சொல்லியிருக்க வேண்டும். டயரை விற்பவன் மாதிரி நல்லதை மட்டும் சொல்லி அனுப்பிவிட்டேன்.

சங்கிலி உப்பில் துருப்பிடித்து மார்ச்சில் மாற்றினோம். ரிம்மில் உப்புச் சகதி அரைத்து பிரேக் கட்டைகள் இரண்டு ஜோடி போயின.

ஏப்ரல் நடுவில் டயர்களைக் கழற்றியபோது மேசையில் வைத்து ஆணிகளை எண்ணினோம். முன்னால் இரண்டு குறைவு, பின்னால் ஐந்து. பின்னால் போன ஐந்தும், ஒரு நாள் நேரமாகிவிட்டது என்று அவர் எழுந்து நின்று மிதித்த கணக்கில் சேரும் என்று என் ஊகம். அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

மறுபடி செய்தால்

அந்தக் கட்டை டயர் கதையே இருக்காது. விழுந்தவர் “பனி ஒரு பொட்டும் இல்லை” என்று சொல்லும்போது பனிக்கான டயரைக் கொடுத்தது என் தவறு. இப்போது யாராவது சறுக்கினேன் என்று வந்தால் மூன்று கேள்விதான் முதலில்: எந்த இடம், முந்தின நாள் மதியம் எத்தனை டிகிரி, தரை என்ன நிறத்தில் இருந்தது. முடிந்தால் அடுத்த விடியற்காலையே போய்ப் பார்ப்பேன், ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்க மாட்டேன்.

டயரை நவம்பர் முதல் வாரத்திலேயே மாட்டச் சொல்வேன். பழக்குவதற்கு உலர்ந்த சாலை அப்போதுதான் கிடைக்கும். டிசம்பர் கடைசியில் உலர்ந்த நாள் தேடி ஜாரி பூங்காவைச் சுற்றியது தேவையில்லாத அலைச்சல். ஆணி டயரோடு ஒரு பழைய முன் சக்கரத்தையே தனியாக வைத்துக்கொள்ளவும் சொல்வேன். மார்ச்சில் ஒரு வாரம் வெயில், ஒரு வாரம் ஐஸ் என்று மாறும்போது டயரைக் கழற்றி மாட்டிக் கையைக் கிழித்துக்கொள்ளாமல் சக்கரத்தையே இரண்டு நிமிடத்தில் மாற்றிவிடலாம்.

முன்னும் பின்னும் வேறு வேறு டயர் என்ற முடிவை மாற்ற மாட்டேன். அவரும் மாற்றவில்லை. 2024 நவம்பர் இரண்டாம் தேதி சனிக்கிழமை, நான் கூப்பிடுவதற்கு முன்பே இரண்டு டயரையும் தோளில் மாட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். இந்தத் தடவை அவர் கையில் தோல் கையுறை இருந்தது. எனக்கும் ஒரு ஜோடி கொண்டு வந்திருந்தார்.